வீட்டில் கட்ட ஒரு சிறு பாய்மரப் படகு: வரைபடம் வாங்கும் முன் செய்ய வேண்டியவை

கராஜில் ஒரு படகைக் கட்டி, காருக்குப் பின்னால் டிரெய்லரில் இழுத்துப் போய், நீரில் இறக்கிப் பாய் விரிக்க ஆசைப்படுகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். படகை எப்படிக் கட்டுவது என்று இதில் சொல்லப்போவதில்லை. அதற்கு முந்தைய வேலையைப் பற்றி மட்டும்தான்: எந்தப் படகைக் கட்டுவது?

பாதியில் நின்றுபோன வீட்டுப் படகுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். கட்டியவர்களில் பலர் நல்ல கைவேலைக்காரர்கள். இடத்துக்கும் நேரத்துக்கும் காருக்கும் பொருந்தாத படகைத் தேர்ந்துகொண்டதால்தான் வேலை நின்றது. முடிந்த படகுகளிலும் வருடத்துக்கு ஒருமுறைகூட நீரைப் பார்க்காதவை உண்டு. காரணம் அதேதான்.

புதியவர்கள் பொதுவாகப் படத்திலிருந்து தொடங்குவார்கள். ஒரு படகின் அழகில் மயங்கி வரைபடம் வாங்கி, மரம் வாங்கி, அப்புறம் கராஜை அளந்து, கடைசியில் எந்த நீரில் ஓட்டுவது என்று யோசிப்பார்கள். இதைத் தலைகீழாகச் செய்யுங்கள். நீர், ஆட்கள், கார், கட்டும் இடம், கட்டும் முறை, பாய், எடை என்ற வரிசையில் வாருங்கள். ஒவ்வொரு படியும் சில படகுகளைக் கழித்துவிடும். மிஞ்சுகிறவற்றில் அழகானதை எடுத்துக்கொள்ளலாம்.

நான் இருப்பது இங்கிலாந்தின் தென்கிழக்கில். இங்கே வரும் சட்டங்களும் நீர்நிலைகளும் அந்த நாட்டுக்குரியவை. வேறு நாட்டில் இருப்பவர்களுக்கு எண்கள் மாறும், வரிசை மாறாது.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

அளவு நாடா, காரின் கையேடு, நீங்கள் போகக்கூடிய நீர்நிலைகளின் வரைபடம், கடற்பகுதியானால் ஓத அட்டவணை (கடல்நீர் ஏறி இறங்கும் நேரங்கள்), ஒரு நோட்டுப் புத்தகம், ஒரு சுருள் மாஸ்கிங் டேப். இப்போதைக்கு இவ்வளவு போதும். மரமும் எபாக்ஸி பசையும் தள்ளுபடியில் கிடைக்கிறதே என்று முன்கூட்டி வாங்கி வைக்காதீர்கள். வாங்கிவிட்ட 9 மி.மீ. பலகையை வீணாக்க மனம் வராமல், 6 மி.மீ. பலகைக்கு வரைந்த படகை 9-இல் கட்டி எடையை ஏற்றிக்கொண்டவர்கள் இருக்கிறார்கள்.

1. எந்த நீர்?

வீட்டிலிருந்து ஒன்றரை மணி நேரத்துக்குள் போய்ச் சேரக்கூடிய நீர்நிலைகளை மட்டும் எழுதுங்கள். ஸ்காட்லாந்தின் மேற்குக் கரை அழகுதான். ஆனால் லண்டன்காரர் அங்கே எத்தனை முறை போவார்? விடுமுறை இடத்துக்காகத் தேர்ந்த படகு சாதாரண ஞாயிற்றுக்கிழமைக்கு ஒத்துவராது. அந்த ஞாயிறுகளில்தான் நீங்கள் படகோட்டக் கற்றுக்கொள்ளப் போகிறீர்கள்.

ஒவ்வொரு இடத்துக்கும் நேராக ஆழம், ஓதத்தின் ஏற்ற இறக்கம், இறக்கும் வசதி, வழியில் உள்ள பாலங்கள் ஆகியவற்றைக் குறியுங்கள்.

எசெக்ஸின் பிளாக்வாட்டர் கழிமுகமும் சசெக்ஸ் பக்கத்துச் சிச்செஸ்டர் துறைமுகமும் நீர் வற்றும்போது பரந்த சேற்றுவெளிகளாகிவிடும். அங்கே ஓட்டப் போகிறீர்கள் என்றால், அடிப்பாகம் ஓரளவு தட்டையாக இருந்து, சேற்றில் சாயாமல் உட்காரும் படகு வேண்டும். பக்கவாட்டில் நழுவாமலிருக்க நீருக்குள் இறக்கும் பலகையும் சென்டர்போர்டாக இருக்க வேண்டும். அது ஒரு ஆணியில் சுழல்வதால் தரை தட்டினால் தானே மேலே மடங்கிக்கொள்ளும். டாகர்போர்டு செங்குத்தாகச் செருகப்படுவது. தட்டினால் படகு சட்டென்று நிற்கும். பலகையோ அதன் பெட்டியோ விரிசல் விடும். ஏரிக்கும் நீர்த்தேக்கத்துக்கும் டாகர்போர்டே போதும். கட்டுவது எளிது, படகின் நடுவில் இடமும் அடைக்காது.

நார்ஃபோக் பிராட்ஸ் நீர்வழிகளில் சிக்கல் பாலங்கள்தான். பாட்டர் ஹைகமில் உள்ள பழைய கல்பாலம் மிகவும் தாழ்வானது. அப்படிப்பட்ட இடங்களுக்குப் படகில் உட்கார்ந்தபடியே பாய்மரத்தைச் சாய்க்க முடிய வேண்டும். பாய்மரத்தைப் பிடிக்கும் கம்பிகளைக் கழற்றி மாட்டும் அமைப்பு அங்கே பெரும் தொல்லை.

இறக்கும் இடத்தை நேரில் போய்ப் பாருங்கள். கான்கிரீட் சரிவா, கூழாங்கல் கரையா? காரைத் தண்ணீர்வரை விடுவார்களா? பல நீர்த்தேக்கங்களில் கிளப் உறுப்பினர்கள் மட்டுமே இறக்க முடியும். கூழாங்கல் கரை மட்டும்தான் உண்டென்றால், இரண்டு பேர் தூக்கக்கூடிய எடைக்கு மேல் எதையும் யோசிக்க வேண்டாம்.

2. யார் வருவார்கள், எவ்வளவு நேரம்?

குடும்பத்தோடு எல்லோரும் வரும் அந்த ஒரு நாளை நினைக்காதீர்கள். வழக்கமாக யார் வருவார்களோ அவர்களைக் கணக்கில் எடுங்கள். பெரும்பாலானவர்களுக்கு அது தனியாக, அல்லது இன்னொருவரோடு. நான்கு பேருக்கான படகைத் தனியாக ஓட்டுவது காற்று ஏறும்போது ஆபத்தான வேலை. இருவர் படகில் மூன்றாவது ஆளுக்கு இடமில்லை என்றால், அன்றைக்கு ஒருவர் கரையில் இருக்கலாம்.

இரவு தங்க வேண்டுமா? முதல் படகுக்கு கேபின் வேண்டாம் என்பது என் உறுதியான கருத்து. நாலரை மீட்டர் நீளத்தில் ஒரு கேபினை வைத்தால் உட்கார்ந்து ஓட்டும் இடம் பாதியாகிவிடும், எடை இரட்டிப்பாகும், கட்டும் நேரமும் கூடவே நீளும். திறந்த படகில் பாயின் அடியில் நீளும் பூம் கழியின் மேல் ஒரு கூடாரத் துணியைப் போட்டு வசதியாகத் தூங்கலாம். ஆனால் வரைபடத்தில் ஒன்றைச் சரிபாருங்கள்: தரைப்பலகையில் ஓர் ஆள் நீட்டிப் படுக்க 1.9 மீட்டர் தடையின்றி இருக்கிறதா? பல படகுகளில் குறுக்கு இருக்கையோ சென்டர்போர்டு பெட்டியோ அதைக் கெடுத்துவிடும்.

3. கார் எவ்வளவு இழுக்கும்?

பிரிட்டனில் பிரேக் இல்லாத டிரெய்லர், சரக்கோடு சேர்த்து 750 கிலோவைத் தாண்டக் கூடாது. காரின் சொந்த எடையில் பாதியையும் தாண்டக் கூடாது. இரண்டில் எது குறைவோ அதுதான் உங்கள் எல்லை. அதைவிடக் குறைந்த எல்லையைக் கார் நிறுவனமே வைத்திருக்கலாம். அது கையேட்டில் இருக்கும். சிறிய கார்கள் சிலவற்றுக்கு இழுக்கவே அனுமதி கிடையாது. கொக்கி பொருத்தச் செலவழிக்கும் முன் இதைப் பாருங்கள்.

ஒரு கணக்கு போட்டுப் பார்க்கலாம். கார் 1,300 கிலோ, ஆகவே எல்லை 650. ஜான் வெல்ஸ்ஃபர்ட் வரைந்த நாலரை மீட்டர் நேவிகேட்டர் படகு சுமார் 140 கிலோ. பாய்மரம், பாய், பலகைகள், நங்கூரம், துடுப்பு எல்லாம் 60 என்று வைப்போம். சிறு மோட்டாரும் முகாம் பொருட்களும் 50. டிரெய்லர் 150. மொத்தம் 400. நிம்மதியாகப் போகலாம். அதே நாலரை மீட்டர் நீளத்தில் கேபின் உள்ள பாக்கெட்ஷிப் வெறுமனே சுமார் 360 கிலோ. அதோடு 100 கிலோ பொருளும் 200 கிலோ டிரெய்லரும் சேர்ந்தால் எல்லையைத் தாண்டிவிடும். பிரேக் உள்ள டிரெய்லர் வாங்க வேண்டும், அதன் விலையும் பராமரிப்பும் வேறு. இரண்டுமே நல்ல படகுகள்தான். நீளம் ஒன்றாக இருப்பதால் இரண்டையும் ஒரே அளவு என்று நினைப்பதுதான் தவறு.

சாலையில் இழுப்பது பாதி வேலை. சரிவில் மேலே இழுப்பது மீதி. ஸ்லிப்வேயில் பாசி படிந்திருக்கும், நீர் இறங்கிக்கொண்டிருக்கும், உங்களோடு வந்தவர் களைத்திருப்பார். 100 கிலோவுக்குள் இருக்கும் படகைக் கைத்தள்ளுவண்டியில் இரண்டு பேர் ஏற்றிவிடலாம். 200-ஐத் தாண்டினால் காரோ, கயிற்றைச் சுற்றி இழுக்கும் வின்ச்சோ தேவை.

தள்ளுவண்டியும் டிரெய்லரும் ஒன்றின் மேல் ஒன்று ஏறும் இரட்டை அமைப்பு கிடைத்தால் அதையே வாங்குங்கள். தள்ளுவண்டி மட்டும் நீரில் இறங்கும், சாலை டிரெய்லரின் சக்கர பேரிங்குகள் உப்புநீரைப் பார்க்காது. உப்புநீரில் முங்கி முங்கி பேரிங் துருப்பிடித்து, நெடுஞ்சாலை ஓரத்தில் சக்கரம் இறுகி நிற்கும் டிரெய்லர்களை எந்தக் கோடையிலும் பார்க்கலாம்.

4. கட்டும் இடத்தை டேப் போட்டு அளந்து பாருங்கள்

இந்தப் படியைத்தான் பலர் மனக்கணக்கில் முடித்துவிடுகிறார்கள். அப்படிச் செய்யாதீர்கள்.

பிரிட்டனில் பழைய ஒற்றைக் கார் கராஜ் பெரும்பாலும் 4.9 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். நேவிகேட்டரின் அகலம் 1.8. அதை நடுவில் வைத்தால் இருபுறமும் 30 சென்டிமீட்டர்தான் மிஞ்சும். சுவரில் ஒரு அலமாரி இருந்தால் அதுவும் இல்லை. 30 சென்டிமீட்டரில் பக்கவாட்டாக நடக்கலாம். குனிந்து இழைப்புளி தள்ள முடியாது, கிளாம்ப் பிடியைச் சுழற்ற முடியாது, சொட்டும் எபாக்ஸியைத் துடைக்க முடியாது. வேலை செய்ய 60 சென்டிமீட்டராவது வேண்டும்.

ஆகவே தரையில் மாஸ்கிங் டேப்பால் படகின் உருவத்தை முழு அளவில் ஒட்டுங்கள். மூக்கு கூர்மையாக, நடுவில் அகலமாக, பின்பக்கம் நேராக. பிறகு ஒரு 2.4 மீட்டர் நீளப் பலகையைக் கையில் எடுத்துக்கொண்டு அந்தக் கோட்டைச் சுற்றி வாருங்கள். மூலையில் பலகை திரும்புகிறதா? வாளி வைக்க, எபாக்ஸி கலக்கும் மேசை போட இடம் இருக்கிறதா? துணி துவைக்கும் எந்திரத்தை வீட்டார் அங்கேதான் வைத்திருக்கிறார்களா? அதுவும் ஓர் அளவுதான்.

கதவைத் தனியாக அளந்து பாருங்கள். கராஜின் உள்ளகலத்தைவிடக் கதவின் திறப்பு எப்போதும் குறைவு, 2.1 மீட்டர் அளவில் இருக்கும். படகு தனியே வெளியே வந்துவிடலாம். டிரெய்லரின் சக்கரங்களோடு அகலம் கூடும், உயரமும் கூடும். இன்னொன்று: கட்டும் காலத்தில் படகை ஒருமுறையாவது கவிழ்த்துப் போட வேண்டியிருக்கும். 1.8 மீட்டர் அகலப் படகு பக்கவாட்டில் நிற்கும்போது அவ்வளவு உயரமும் தேவை. கூரையில் தொங்கும் கதவுத் தண்டவாளம் அங்கே இடிக்கும். புல்வெளியில் கொண்டுபோய்க் கவிழ்ப்பது என்று முன்பே திட்டமிட்டால் சரி.

குளிரையும் இங்கேயே யோசிக்க வேண்டும். எபாக்ஸி இறுகுவது ஒரு வேதிவினை. சாதாரணக் கலவைகள் 15 பாகை செல்சியஸுக்குக் கீழே போகப் போக மெத்தனமாகும், 5 பாகையில் நாள்கணக்கில் பிசுபிசுக்கும். சீக்கிரம் இறுகச் செய்யும் கலவைப் பாகம், அதாவது வேக ஹார்டனர், ஓரளவு உதவும். சூடேற்ற முடியாத கராஜ் என்றால், நவம்பரிலிருந்து மார்ச் வரை ஒட்டு வேலை ஓடாது என்றே கணக்கு வையுங்கள். அந்த மாதங்களில் செய்யக்கூடிய சின்னப் பாகங்கள் உள்ள படகு உங்களுக்கு ஏற்றது. சென்னையிலோ யாழ்ப்பாணத்திலோ இருப்பவருக்குப் பிரச்சினை நேர்மாறு. கலவை கோப்பையிலேயே சூடேறிக் கெட்டியாகிவிடும். மெதுவான ஹார்டனர் எடுத்து, அகலமான தட்டில் கொஞ்சம் கொஞ்சமாகக் கலக்க வேண்டும்.

5. கட்டும் முறை

வீட்டில் கட்டுபவர்களுக்குப் பெரும்பாலும் மூன்று வழிகள்.

முதலாவது தைத்து ஒட்டுவது. பிளைவுட் துண்டுகளை வெட்டி, ஓரங்களில் துளையிட்டு, செம்புக் கம்பியால் தைத்து, உள்ளே எபாக்ஸியும் கண்ணாடி இழையும் வைத்து இறுக்குவார்கள். 1962-இல் ஜாக் ஹோல்ட்டும் பேரி பக்னலும் வடிவமைத்த மிரர் படகு இந்த முறையில்தான் வீடுகளுக்குள் நுழைந்தது. எழுபதாயிரத்துக்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. அச்சுச்சட்டம் வேண்டாம், உருவம் சீக்கிரம் எழும், அதனால் உற்சாகம் குறையாது. ஆனால் மூட்டுகளைத் தேய்த்து வழவழப்பாக்கும் வேலை யாரும் முன்கூட்டிச் சொல்வதைவிட மிக அதிகம்.

இரண்டாவது, தடுப்புச் சட்டங்களை நிறுத்தி அவற்றின் மேல் பிளைவுட் பட்டைகளை ஒன்றன்மேல் ஒன்று சற்றே படியவைத்து ஒட்டுவது. நேவிகேட்டர் இப்படித்தான். ஒவ்வொரு பட்டையும் சிறியது, ஒரு மாலை நேரத்துக்குள் ஒன்றைப் பொருத்தலாம். வேலைக்குப் போகிறவர்களுக்கு இது நன்றாகப் பொருந்தும். ஓரங்களைச் சரிவாக இழைக்கும் பழக்கம் வர வேண்டும், அதற்குப் பொறுமை போதும்.

மூன்றாவது, மெல்லிய மரக்கீற்றுகளை அடுக்கி உருண்ட உடலைச் செய்வது. பார்க்க மிக அழகு. முதல் படகுக்கு எடுக்காதீர்கள்.

வரைபடம் மட்டுமா, கணினியில் வெட்டிய துண்டுகளுடன் கிட்டா? கிட் வாங்கினால் அளந்து வெட்டும் வேலையும் பெரிய பிழைக்கான வாய்ப்பும் போகும். மொத்த வேலையில் அது சிறிய பங்குதான். ஒட்டுதல், தேய்த்தல், வண்ணம் எல்லாம் அப்படியே இருக்கும். இடம் குறைவானவர்களுக்குக் கிட் நல்லது. முழுப் பலகையைக் கிடத்தி வெட்டும் வேலை மிச்சம்.

6. பாய்: கரையில் ஆகும் நேரத்தை வைத்துத் தேர்வு செய்யுங்கள்

டிரெய்லர் படகை ஒவ்வொரு முறையும் பூட்டி, ஒவ்வொரு முறையும் கழற்ற வேண்டும். வருடம் முழுதும் நீரில் மிதக்கும் படகுக்கு இல்லாத சுமை இது. ஒரு படகை எவ்வளவு அடிக்கடி ஓட்டுவீர்கள் என்பதை அதன் வேகத்தைவிட இந்த நேரமே முடிவு செய்கிறது. முக்கால் மணி நேரம் பூட்டி, முக்கால் மணி நேரம் கழற்ற வேண்டுமென்றால், வேலை முடிந்து வந்த மாலையில் அதைத் தொட மாட்டீர்கள்.

பந்தயப் படகுகளில் பார்க்கும் உயரமான முக்கோணப் பாய்க்கு நீண்ட பாய்மரமும், அதைப் பிடித்து நிறுத்தப் பக்கவாட்டுக் கம்பிகளும் தேவை. காற்றுக்கு எதிராக ஏறிப்போவதில் அது திறமை. ஆனால் ஆறு மீட்டர்ப் பாய்மரம் டிரெய்லரின் பின்னால் நீண்டு நிற்கும். பிரிட்டனில் ஒரு மீட்டருக்கு மேல் பின்னால் நீண்டால் அதைத் தெளிவாகத் தெரியச் செய்ய வேண்டும், இரண்டு மீட்டரைத் தாண்டினால் அடையாளப் பலகையே வைக்க வேண்டும். கராஜிலும் அதற்கு இடம் தேட வேண்டும்.

நாற்கோண லக் பாய்க்குக் குட்டையான பாய்மரம் ஒன்றைக் குழியில் செருகினால் போதும், கம்பி எதுவும் இல்லை. பாயும் மேல் கழியும் சேர்ந்து ஒரே கயிற்றில் ஏறும். காற்று திடீரென்று அதிகமானால் கயிற்றை விட்டால் முழுப் பாயும் படகுக்குள் விழும். புதியவருக்கு இதைவிடப் பாதுகாப்பான குணம் வேறில்லை என்று நினைக்கிறேன். கழிகள் எல்லாம் படகின் நீளத்துக்குள் அடங்குகிறதா என்று வரைபடத்தில் பாருங்கள். பாய் வகை வேறானாலும் மிரர் படகிலும் அடங்கும். அதன் பாய்மரம் குட்டையானது, மேல் கழி அதற்கு மேலே நீட்டிக்கொள்ளும்.

பின்பக்கம் ஒரு சிறு பாய் இருக்கும் யால் அமைப்பைப் பார்த்துச் சிலர் தேவையில்லாத சிக்கல் என்று ஒதுக்குவார்கள். தனியாக ஓட்டுபவருக்கு அது உண்மையான உதவி. பெரிய பாயை இறக்கிவிட்டு அந்தச் சிறு பாயை இறுக்கிக் கட்டினால் படகு காற்றைப் பார்த்து அமைதியாக நிற்கும். பாயைச் சுருக்கலாம், சட்டை மாற்றலாம், ஒரு வாய் சாப்பிடலாம்.

7. வடிவமைப்பாளரின் எண்களை வாசிப்பது

பட்டியலில் நீளம் பெரிதாக எழுதியிருக்கும். அதை மறந்துவிட்டு எடையைத் தேடுங்கள். நான்கு மீட்டர்ப் படகை அதே விகிதத்தில் ஐந்து மீட்டராக்கினால் நீளம் கால் பங்குதான் கூடும். கொள்ளளவு கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும். மரம், ஒட்டு, வேலை நேரம், டிரெய்லர் எல்லாம் நீளத்தோடு போகாமல் எடையோடுதான் போகும்.

எடை என்று எழுதியிருப்பது எதன் எடை என்று கேளுங்கள். வெறும் உடலா, பாயோடா, ஆட்களோடா? மூன்றையும் மூன்று பேர் ஒரே சொல்லால் எழுதுவார்கள். வடிவமைப்பாளருக்கே எழுதிக் கேட்கலாம். சிறு படகு வரைபவர்களில் பெரும்பாலானோர் பதில் தருவார்கள். பதில் வருகிறதா என்பதே ஒரு தகவல்: பின்னால் கட்டும்போதும் அவரிடம்தான் கேட்கப் போகிறீர்கள்.

அந்த எடை எந்தப் பலகைக்கு என்பதும் முக்கியம். ஐரோப்பிய, அமெரிக்க வரைபடங்கள் பெரும்பாலும் ஒக்குமே மரத்தில் செய்த பிஎஸ் 1088 தர மெரைன் பிளைவுட்டை நினைத்து எழுதப்பட்டவை. எட்டுக்கு நாலு அடி, 6 மி.மீ. பலகை ஒன்று சுமார் 9 கிலோ. இந்தியாவில் கிடைக்கும் ஐஎஸ் 710 மெரைன் பிளைவுட்டில் கனமான மரங்கள் சேர்வதால் அதே அளவுப் பலகை 13 கிலோவையும் தாண்டலாம். பத்துப் பலகை போனால் 40 கிலோ கூடும். தமிழ்நாட்டில் கட்ட நினைப்பவர்கள் கடையில் ஒரு பலகையைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டு, வரைபடத்து எடையில் அந்த வித்தியாசத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்து, கவிழ்ந்தால் என்ன ஆகும்? சிறு படகு ஒருநாள் கவிழும். படகின் உள்ளே காற்று அடைத்த பெட்டிகள் எவ்வளவு, எங்கே? நிமிர்த்தியதும் ஓரம் நீர்மட்டத்துக்கு மேல் இருக்குமா, இல்லை இறைக்க இறைக்க உள்ளே வருமா? தண்ணீரிலிருந்து ஏறுவதற்கு ஓரம் எவ்வளவு உயரம்? அந்தப் படகை வேண்டுமென்றே கவிழ்த்து நிமிர்த்தும் காணொளி இருந்தால் முழுதும் பாருங்கள். இல்லையென்றால் கட்டியவர் ஒருவரிடம் கேளுங்கள். இதற்குத் தெளிவான பதில் இல்லாத படகை எவ்வளவு அழகாக இருந்தாலும் பட்டியலிலிருந்து எடுத்துவிடுவேன்.

8. மூன்றாகச் சுருக்குங்கள்

இதுவரை எழுதிய எல்லைகளை ஒரு பக்கத்தில் வைத்து, மூன்று வடிவங்கள் மிஞ்சும்வரை கழியுங்கள். எப்படி என்று சில படகுகளை வைத்துக் காட்டுகிறேன்.

ஒற்றைக் கராஜ், சின்னக் கார், ஏரி, ஒரு பெரியவரும் ஒரு பிள்ளையும்: மிரர். 3.3 மீட்டர், வெறும் உடல் 45.5 கிலோ. பழைய படகுகள் நிறைய இருப்பதால் ஒன்றை வாங்கிப் பழுதுபார்ப்பதையும் யோசிக்கலாம்.

கழிமுகம், தனி ஆள், இரவு தங்கல், கராஜ் நீளம் போதாது: வெல்ஸ்ஃபர்டின் ஸ்கேம்ப். 3.6 மீட்டர்தான், ஆனால் அகலமாக, அடியில் நீரை நிரப்பும் எடைத்தொட்டியோடு, கவிழ்ந்தால் ஒரே ஆள் நிமிர்த்தும்படி வரையப்பட்டது. நீளம் குறைவு என்று வேலையைக் குறைத்து எடை போடாதீர்கள். உடலே சுமார் 190 கிலோ, பாகங்களும் அதிகம்.

வேகம் பிடிக்கும், கையில் தூக்கும் எடையில் வேண்டும், இருவரும் சுறுசுறுப்பானவர்கள்: ஆஸ்திரேலியாவின் மைக்கேல் ஸ்டோரர் வரைந்த கோட் ஐலண்ட் ஸ்கிஃப். 4.7 மீட்டர் நீளம், உடல் 60 கிலோவுக்குள், ஒரே லக் பாய். அவ்வளவு லேசான படகில் ஆட்கள்தான் எடைச்சமநிலை. பயந்து அசையாமல் உட்காருபவருக்கு இது வேண்டாம். ஒற்றைக் கராஜில் நீளம் முட்டும், கதவைத் திறந்துவைத்துத்தான் கட்ட முடியும்.

கழிமுகமும் கடலோரமும், இருவர், யால் அமைப்பு பிடிக்கும், இரட்டைக் கராஜோ கொட்டகையோ உண்டு: நேவிகேட்டர்.

இரண்டு வடிவங்களுக்கு நடுவே மனம் ஊசலாடினால் சிறியதை எடுங்கள். சிறியது முடியும். முடிந்த பிறகு பெரியதைக் கட்ட உங்களுக்குக் கையும் கருவியும் இருக்கும்.

9. அட்டையில் ஒரு மாதிரி, நேரில் ஒரு படகு

பல வடிவமைப்பாளர்கள் முழு வரைபடத்துக்கு முன்னால் ஆய்வு வரைபடம் என்று ஒன்றைக் குறைந்த விலையில் விற்பார்கள். மூன்றுக்கும் வாங்குங்கள். பாகங்களின் முழு அளவு வடிவங்கள் தருகிறார்களா, அளவுப் பட்டியல் மட்டுமா, கட்டும் வரிசை எழுத்தில் இருக்கிறதா, பொருள் பட்டியல் உண்டா என்று பாருங்கள். அளவுப் பட்டியல் மட்டும் என்றால் முழு உருவத்தையும் தரையில் நீங்களே வரைந்தெடுக்க வேண்டும். முதல் முறைக்கு அது கடினம்.

பத்தில் ஒரு பங்கு அளவில் அட்டை மாதிரி செய்யுங்கள். நாலரை மீட்டர்ப் படகு 45 சென்டிமீட்டராகும், 6 மி.மீ. பலகைக்கு அரை மி.மீ.யைவிடச் சற்றுத் தடித்த அட்டை சரியாக இருக்கும். பலகையைப் போலவே அட்டையும் ஒரு திசையில்தான் வளையும். ஆகவே எங்கே மூக்குப் பக்கம் முறுக்கிக்கொண்டு முரண்டு பிடிக்கிறதோ அங்கேதான் பெரிய படகிலும் முரண்டு பிடிக்கும். வரைபடத்தின் மொழி உங்களுக்குப் புரிகிறதா என்பதும் ஒரு வார இறுதிக்குள் தெரிந்துவிடும்.

பிறகு அந்தப் படகு ஒன்றைத் தேடிப் போய் உட்காருங்கள். பூம் தலையில் இடிக்கிறதா, முட்டியை எங்கே வைப்பது, சுக்கான் பிடி கைக்கு எட்டுகிறதா என்பதெல்லாம் எந்தத் தாளிலும் இல்லை. கட்டியவர்கள் காட்டத் தயங்க மாட்டார்கள். அவர்களிடம் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: மறுபடியும் கட்டினால் இதையே கட்டுவீர்களா?

10. முழுச் செலவையும் எழுதுங்கள்

புதியவர் பிளைவுட்டையும் எபாக்ஸியையும் கூட்டி நிறுத்திவிடுவார். படகின் உடல் மொத்தச் செலவில் மூன்றில் ஒரு பங்கு அளவில்தான் வரும் என்று நான் கணக்கு வைப்பேன். பாய், கயிறு, கப்பிகள், டிரெய்லர், வண்ணம், உயிர்காப்புச் சட்டைகள், கையுறையும் தூசி முகமூடியும் தேய்ப்புத்தாளும், கூட்டினால் பெரிதாகும். வரைபடத்தின் விலை இதில் மிகச் சிறியது. அதனால் வரைபடம் இலவசம் என்பதற்காக ஒரு படகைத் தேர்ந்தெடுப்பது பயனில்லை.

பிளைவுட்டில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள். கட்டடக் கடைப் பலகையின் உள்அடுக்குகளில் வெற்றிடங்கள் இருக்கும். வளைக்கும்போது அங்கேதான் முறியும், நீர் புகுந்தால் அங்கேதான் அழுகும்.

சட்டத்தில் ஒரு விஷயம். பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் சொந்தப் பயன்பாட்டுக்காக நீங்களே கட்டும் படகுக்குப் பொழுதுபோக்குப் படகு விதிகளின் சான்று தேவையில்லை, ஆனால் பயன்படுத்தத் தொடங்கி ஐந்து ஆண்டுகளுக்குள் விற்பனைக்கு விடக் கூடாது. கட்டி, இரண்டு கோடை ஓட்டி, விற்றுவிட்டுப் பெரியது கட்டலாம் என்று திட்டம் போடுகிறவர்கள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ள வேண்டும். ரசீதுகளையும் கட்டும்போது எடுத்த படங்களையும் பத்திரமாக வையுங்கள்; காப்பீட்டுக்கும் பின்னாளில் விற்கவும் உதவும்.

11. வரைபடம் வந்த பிறகு

மாற்றாதீர்கள். கேபின் கூரையைப் பத்து சென்டிமீட்டர் உயர்த்துவது, பாய்மரத்தை நீட்டுவது, அடியில் இரும்பு சேர்ப்பது, நீளத்தை இழுப்பது, இவை ஒவ்வொன்றும் எடை எங்கே உட்காருகிறது, காற்று எங்கே தள்ளுகிறது என்ற கணக்கைக் குலைக்கும். ஏதாவது மாற்றியே ஆக வேண்டும் என்று தோன்றினால், உங்களுக்கு வேண்டியது வேறு படகு. எட்டாவது படிக்குத் திரும்பிப் போங்கள். இருக்கையின் திண்டு, பெட்டியின் மூடி, வண்ணம் இவற்றில் உங்கள் விருப்பம்.

முதலில் வாங்க வேண்டியது முழுப் படகுக்கான மரம் இல்லை. சுக்கானுக்கும் நடுப்பலகைக்கும் தேவையான மரம், ஒரு சிறிய எபாக்ஸி தொகுப்பு, கொஞ்சம் கண்ணாடி இழைத் துணி, இவ்வளவுதான். அவை இரண்டும் மேசை மேல் செய்யக்கூடியவை. இழைத்து வடிவமாக்குவது, எபாக்ஸி கலப்பது, துணி போர்த்துவது, தேய்ப்பது என்று படகில் வரும் எல்லா வேலையும் அவற்றில் சிறிய அளவில் வந்துவிடும். எபாக்ஸி உங்கள் தோலுக்கு ஒத்துக்கொள்கிறதா என்பதும் அப்போதே தெரியும். சிலருக்கு ஒவ்வாமை வரும், கையுறை கட்டாயம். சுக்கான் கைக்குப் பிடித்த மாதிரி முடிந்ததும் பிளைவுட்டுக்கு ஆர்டர் கொடுங்கள்.